“நகலெடுக்கவே முடியாத ஆக்சஸ் கார்டு”: எந்தக் கார்டு என்று சொல்லுங்கள்

பூட்டுக்காரன் | காலை 8:40

குடியிருப்பு வாசலின் பாதுகாப்பு எப்படி வளர்ந்தது என்று வாசல்மணி நேற்று எழுதியதைப் படித்தேன். முதலில் கேட்டில் ஓர் ஆள் நின்றார், அப்புறம் விசிட்டர் நோட்டு, அப்புறம் இண்டர்காம், அப்புறம் கார்டு, இப்போது செல்போன் ஆப். ஒவ்வொரு படியிலும் பாதுகாப்பு கூடிக்கொண்டே வந்தது என்கிறார். நடுவில் “நகலெடுக்கவே முடியாத ஆக்சஸ் கார்டு” என்று ஒரு வரி. பதினெட்டு வருடமாக இந்த வேலையில் இருப்பவன் நான். அந்த வரியை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை.

பழைய வகைக் கார்டு 125 கிலோஹெர்ட்ஸ் என்ற ரேடியோ அதிர்வெண்ணில் ஓடுவது. உள்ளே பேட்டரி கிடையாது. கதவருகே கார்டைப் படிக்கும் ரீடர் பக்கம் கொண்டுபோனால் அதன் காந்தப் புலத்திலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்லும். யார் கேட்டாலும் சொல்லும், எத்தனை முறை கேட்டாலும் அதே எண்ணைச் சொல்லும். கேட்பது நம் ரீடரா, லிஃப்டில் பக்கத்தில் நிற்பவர் பையில் இருக்கும் கருவியா என்று அதற்குத் தெரியாது. அந்த எண்ணை வெற்றுக் கார்டில் எழுதச் சில வினாடிகள் போதும்.

வாசல்மணி, உங்கள் வளாகத்தில் இருப்பது இந்த 125 கிலோஹெர்ட்ஸா, அடுத்த வகையான 13.56 மெகாஹெர்ட்ஸா?

வாசல்மணி | காலை 9:25

அவ்வளவு நீளமாக எழுதியதில் உங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரிதானா? சங்கத்தில் ஆறு வருடம் செயலாளராக இருந்தவன் நான். நோட்டு வைத்திருந்த காலத்தில் யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரையாவது எழுதிவிட்டு உள்ளே போனார்கள். பாதிப் பேரின் கையெழுத்தைப் படிக்கவே முடியாது. கார்டு வைத்தபின் ஒரு சைக்கிள்கூடக் காணாமல் போகவில்லை. நகலெடுக்க முடியாது என்று அதைப் பொருத்தியவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

பூட்டுக்காரன் | காலை 9:31

விற்பவர் எழுதிக் கொடுத்ததை நான் கேட்கவில்லை. 125ஆ, 13.56ஆ? சைக்கிள் விஷயத்துக்கும் வருகிறேன். கார்டு வைத்த அதே மாதம் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் விளக்கும் கேமராவும் போட்டதாக நேற்று நீங்கள்தான் எழுதியிருந்தீர்கள். அப்புறம் எல்லாப் பெருமையும் கார்டுக்கு எப்படிப் போகும்?

தாழ்ப்பாள் | காலை 10:05

கார்டுச் சண்டை இருக்கட்டும். இண்டர்காமை ஒரே வரியில் தாண்டிப் போனதுதான் எனக்கு வருத்தம். வாசலில் நிற்பவரை உள்ளிருந்தே திரையில் பார்த்து, பேசி, கதவைத் திறக்கும் முறையை 1969இல் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் வசித்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற நர்ஸ் உருவாக்கினார். எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த அவர் கணவர் ஆல்பர்ட்டும் கூட உழைத்தார். கதவில் மேலும் கீழுமாக நான்கு பார்வைத் துளைகள், அவற்றின் பின்னே நகரும் கேமரா, பூட்டைத் தூரத்திலிருந்தே திறக்கும் வசதி, ஆபத்து என்றால் அழுத்த ஒரு பொத்தான். அவர் பெயர் இல்லாத வரலாறு என்ன வரலாறு?

மூன்றாம்தளம் | காலை 10:40

1966. காப்புரிமைக்கு விண்ணப்பித்த வருடம் அதுதான்.

தாழ்ப்பாள் | காலை 10:44

காப்புரிமை வழங்கப்பட்டது 1969 டிசம்பர் 2. வழங்கப்படும் வரை அது வெறும் விண்ணப்பம்.

மூன்றாம்தளம் | காலை 10:52

கண்டுபிடித்த பிறகுதானே விண்ணப்பிக்க முடியும்? “1969இல் உருவாக்கினார்” என்று எழுதியது தவறு. அவர் உழைத்த மூன்று வருடத்தை அழித்துவிட்டு, அவர் பெயர் விட்டுப்போயிற்று என்று வருந்துகிறீர்கள்.

வாசல்மணி | காலை 11:10

1966 ஆனாலும் 1969 ஆனாலும் அது ஒரு வீட்டுக் கதவு. நான் எழுதியது வளாகத்தின் கேட் பற்றி. கேட் என்றால் எடோ காலத்து (ஷோகன்கள் ஆண்ட காலம்) ஜப்பானிலேயே இருந்தது. ஒவ்வொரு குடியிருப்புப் பகுதிக்கும் கிடோ என்ற மரக்கதவு, இரவில் அதை அடைக்க ஒரு காவலர். இந்த வரிசையை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நானும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பூட்டுக்காரன் | காலை 11:18

எடோ வரை போய்வந்த உங்களுக்கு உங்கள் சட்டைப்பையில் இருக்கும் கார்டைப் புரட்டிப் பார்க்க நேரமில்லை. 125ஆ, 13.56ஆ?

13.56 என்றாலும் அத்தோடு முடியாது. மைஃபேர் கிளாசிக் என்ற கார்டு 1994இல் வந்தது. 48 பிட் சாவி, வெளியே சொல்லாத ரகசியக் கணக்குமுறை. உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது என்பதையே பலமாகச் சொன்னார்கள். 2008இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை உடைத்துக் காட்டினார்கள். ஆய்வை வெளியிடக் கூடாது என்று சில்லு தயாரித்த நிறுவனம் நீதிமன்றம் போயிற்று. நீதிமன்றம் தடை விதிக்க மறுத்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த, ஏஇஎஸ் என்ற வெளிப்படையான குறியாக்க முறையில் ஓடும் கார்டுகள் வேறு ரகம். ரீடர் ஒவ்வொரு முறையும் புதிய எண் ஒன்றை அனுப்பும், சாவி தெரிந்த கார்டுதான் அதற்குச் சரியான விடை சொல்லும். ஒட்டுக்கேட்ட விடை அடுத்த முறைக்கு உதவாது. அந்த வகை வைத்திருந்தால் ‘நகலெடுப்பது கடினம்’ என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். ‘நகலெடுக்கவே முடியாது’ என்று சொல்லாதீர்கள்.

இரவுக்காவல் | மதியம் 12:30

நான் பதினொரு வருடம் கேட்டில் நின்றவன். கார்டு வந்த அன்று எங்களிடம் சொன்னது இதுதான்: “இனிமேல் யாரையும் நிறுத்திக் கேட்காதே, கதவு பார்த்துக்கொள்ளும்.” கதவு என்னத்தைப் பார்க்கும்? ஒருவர் கார்டைக் காட்டித் திறப்பார், பின்னால் வருபவருக்காக மரியாதையாகப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒரு கார்டுக்கு மூன்று பேர் உள்ளே போவார்கள். இதற்கு நகலே வேண்டாம். நோட்டில் பொய்ப் பெயர் எழுதினாலும் எழுதும்போது நான் முகத்தைப் பார்த்தேன்.

வாசல்மணி | மதியம் 12:48

மன்னிக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு எத்தனை காவலர்கள் விழித்திருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். கார்டு தூங்காது.

இரவுக்காவல் | மதியம் 12:55

பன்னிரண்டு மணி நேர வேலை, மாற்று ஆள் வரவில்லை என்றால் இருபத்து நான்கு. உட்கார நாற்காலி கேட்டு மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். செயலாளராக இருந்தவர் இப்படிப் பேசலாமா?

மூன்றாம்தளம் | பிற்பகல் 1:20

அண்ணா, உங்கள் உழைப்பை நான் குறைக்கவில்லை. ஆனால் ‘முகம் பார்ப்பது’ என்பதில் எனக்கு வேறு அனுபவம். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள். காரில் வருபவரை யார் என்றுகூடக் கேட்க மாட்டார்கள். ஆப் வந்தபின்னும் அதே கதைதான். அந்தப் பெண்ணின் புகைப்படமும் வந்துபோகும் நேரமும் பதிவாகின்றன. எங்கள் நேரத்தைக் குறிக்க யாரும் இல்லை.

பூட்டுக்காரன் | பிற்பகல் 1:34

மேடம் சொல்வது தனி விவாதம், நியாயமான விவாதமும்கூட. வாசல்மணியின் பதில் இன்னும் வரவில்லை. 125ஆ, 13.56ஆ?

வாசல்மணி | பிற்பகல் 2:15

பொருத்தியவரிடம் போனில் கேட்டேன். 26 பிட் பாதுகாப்பு என்றார். இப்போது திருப்தியா?

பூட்டுக்காரன் | பிற்பகல் 2:29

இல்லை. 26 பிட் என்பது பாதுகாப்பே அல்ல. ரீடரிலிருந்து, கதவைத் திறப்பதா என்று முடிவெடுக்கும் கன்ட்ரோலருக்கு எண் போகும் வடிவம் அது, வீகண்ட் என்பார்கள். முதலும் கடைசியும் சரிபார்ப்பு பிட். நடுவில் 8 பிட் வளாகக் குறியீடு, 16 பிட் கார்டு எண். அதாவது 256 வளாகக் குறியீடுகள், ஒவ்வொன்றுக்கும் 65,536 எண்கள், அவ்வளவுதான். அந்தக் கம்பியில் எண் மறைக்கப்படாமல் போகிறது. பல கார்டுகளின் முதுகில் அந்த எண்ணையே அச்சடித்தும் கொடுக்கிறார்கள். என் கேள்வி அதிர்வெண் பற்றி.

போன மாதமும் இதே கதைதான். உள்ளே குட்டி சுவிட்சுகள் உள்ள கேட் ரிமோட்டை யாராலும் ஊகிக்க முடியாது என்றீர்கள். ஆன், ஆஃப் என இரண்டே நிலை உள்ள பத்து சுவிட்ச் என்றால் 1,024 சேர்க்கைகள்தான் என்று காட்டியதும் அந்த விவாதத்துக்கே நீங்கள் திரும்பி வரவில்லை.

வாசல்மணி | பிற்பகல் 2:50

போன மாதம் என் வீட்டில் உடல்நலம் சரியில்லை, அதனால்தான் வரவில்லை. அதையும் தோல்விக் கணக்கில் எழுதுகிறீர்கள். எங்கள் கார்டை இதுவரை யாரும் நகலெடுத்ததில்லை. அதனால் முடியாது என்றுதான் திரும்பவும் சொல்வேன்.

பூட்டுக்காரன் | பிற்பகல் 2:58

வீட்டில் நலமடைந்திருப்பார்கள் என்று நம்புகிறேன். நகலெடுத்திருந்தால் உங்களுக்கு எப்படித் தெரியும்? இரண்டு கார்டும் ஒரே எண்ணைத்தான் சொல்லும், உங்கள் பதிவேட்டில் ஒரே வீட்டுக்காரர் வந்ததாகத்தான் விழும். கார்டின் இரண்டு பக்கத்தையும் எண்ணை மறைத்துப் படம் எடுத்துப் போடுங்கள், எந்த வகை என்று நானே பார்த்துச் சொல்கிறேன்.

தாழ்ப்பாள் | மாலை 4:10

காப்புரிமை எண் 3,482,037. தேதி 1969 டிசம்பர் 2 என்று அதிலேயே அச்சாகி இருக்கிறது. மூன்றாம்தளம் பார்க்கட்டும்.

மூன்றாம்தளம் | மாலை 4:16

அதே பக்கத்தில் விண்ணப்பித்த தேதியும் இருக்கிறது. 1966 ஆகஸ்ட் 1.

வாசல்மணி | மாலை 4:40

வளாகத்தின் கார்டைப் படம் எடுத்துப் பொதுவில் போடச் சொல்கிறவரா பாதுகாப்பு பற்றிப் பேசுவது? போட மாட்டேன்.

பூட்டுக்காரன் | மாலை 4:43

நகலெடுக்கவே முடியாது என்றால் படத்தைப் பார்த்து என்ன பயம்? 125ஆ, 13.56ஆ?