'டைவர்ஜ்' என்ற ஆங்கில வினைக்கு எல்லா இடத்திலும் 'பிரி' சரியா?

கேள்வி: செவ்வாய்ப்பேட்டை

வணக்கம். மேல்நிலை மாணவர்களுக்கான ஓர் ஆங்கிலப் பயிற்சி நூலைத் தமிழாக்கி வருகிறேன். எடுத்துக்காட்டுகளைச் சேலம் பிள்ளைகளுக்குப் பழக்கமான இடங்களாக மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். 'டைவர்ஜ்' ஐந்து வாக்கியங்களில் வருகிறது:

1. ஓமலூரில் மேட்டூர் அணை ரயில் பாதை பெங்களூரு பாதையிலிருந்து ____.
2. குழிலென்ஸைக் கடந்த இணைகதிர்கள் ____.
3. 1 + 1/2 + 1/3 + 1/4 + … என்ற தொடர் ____.
4. செலவு திட்ட மதிப்பீட்டிலிருந்து ____.
5. குழு உறுப்பினர்களின் கருத்துகள் ____.

ஐந்திலும் 'பிரிகிறது' என்று போட்டேன். முதல் வாக்கியம் தவிர மற்ற நான்கும் திரும்பி வந்துவிட்டன. காரணத்தோடு யாராவது சொன்னால் நூல் முழுக்கத் திருத்திவிடுவேன்.

பதில்: அடிவாரம்

இரண்டாவதை முதலில் பார்ப்போம், அதில்தான் ஆபத்து அதிகம். ஒளியியலில் நமக்குத் தோன்றும் சொற்கள் பலவற்றை வேறு நிகழ்வுகள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டன. 'பிரிகின்றன' என்றால் முப்பட்டகமும் நிறப்பிரிகையும் மாணவர் நினைவுக்கு வரும். 'விலகுகின்றன' என்றால் ஒளிவிலகல். 'சிதறுகின்றன' என்றால் ஒளிச்சிதறல், அதாவது வானம் ஏன் நீலம் என்ற பாடம். மூன்றுமே வேறு வேறு தேர்வுக் கேள்விகள். மிச்சம் இருப்பது 'விரி' ஒன்றுதான்: 'இணைகதிர்கள் விரிந்து செல்கின்றன.'

படம் இருந்தால் அதன் கீழே உள்ள வரியையும் பாருங்கள். கிட்டப்பார்வைக்கான −2 டயாப்டர் கண்ணாடி என்றால் குவியத் தொலைவு 50 செ.மீ. விரிந்து செல்லும் கதிர்களைப் பின்னோக்கிப் புள்ளிக்கோடாக நீட்டினால், ஒளி வந்த பக்கத்தில் லென்ஸிலிருந்து 50 செ.மீ. தள்ளி ஒரு புள்ளியில் சந்திக்கும். 'அந்தப் புள்ளியிலிருந்து விரிவதுபோல் தோன்றும்' என்பதில் 'தோன்றும்' கட்டாயம் வேண்டும். அதை விட்டால் கதிர்கள் உண்மையிலேயே அங்கிருந்து புறப்படுவதாகப் பொருள் மாறிவிடும்.

பதில்: ஐந்து ரோடு

முதல் வாக்கியத்தில் 'பிரி' மிகச் சரி. நம் பக்கத்தில் பேச்சிலேயே 'ரோடு பிரியுது' என்றுதான் சொல்கிறோம், பஸ் ஸ்டாப் பெயரே 'பிரிவு' என்று இருக்கிறது. ஆனால் எது நேராகப் போகிறது, எது ஒதுங்குகிறது என்பதை வேற்றுமை உருபுதான் காட்டும். 'பெங்களூரு பாதையிலிருந்து மேட்டூர் பாதை பிரிகிறது' என்றால் பெங்களூரு பாதை தன் போக்கில் போகிறது, மேட்டூர் பாதை கிளை. 'ஓமலூரில் பாதை இரண்டாகப் பிரிகிறது' என்றால் இரண்டும் சமம். நெடுஞ்சாலைக்கும் இதே கணக்கு: 44 நாமக்கல், கரூர் வழியாகக் கன்னியாகுமரிவரை போகிறது, கொச்சி போகும் 544 சேலத்தில் அதிலிருந்து பிரிகிறது. ஏற்காட்டிலிருந்து இறங்குவதற்கு 20 கொண்டை ஊசி வளைவுப் பாதை ஒன்று, குப்பனூர் வழி ஒன்று. அங்கே 'இரு பாதைகளும் பிரிகின்றன' என்று எழுதலாம்.

தன்வினை, பிறவினை இரண்டையும் கலக்காதீர்கள். இந்த ஆங்கில வினை பெரும்பாலும் தானாக நடப்பதைச் சொல்கிறது. பிரிந்தது, விரிந்தது, விலகியது என்பவை தன்வினை. பிரித்தது, விரித்தது, விலக்கியது என்பவை பிறவினை. 'பாதை பிரிக்கப்படுகிறது' என்று எழுதினால் யாரோ கடப்பாரையோடு நிற்பதுபோல் இருக்கிறது. லென்ஸ் எழுவாயாக வந்தால் மட்டும் 'குழிலென்ஸ் கதிர்களை விரிக்கிறது' சரி.

பழந்தமிழில் இதற்கென்றே 'கவர்' என்ற வினை உண்டு. சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையில் மதுரைக்குப் போகும் வழி சூலம்போல மூன்றாகக் 'கவர்க்கும்' என்று வருகிறது. பிரியும் வழிக்குக் 'கவலை' என்றே பெயர். இன்றைய மாணவர்களுக்கு எழுதும்போது பயன்படாது, ஆனாலும் மறந்துபோகக் கூடாத சொல்.

பதில்: கன்னங்குறிச்சி

மூன்றாவதற்கு 'விரியும் தொடர்' என்பதே வழக்கு, எதிர்ச்சொல் 'ஒருங்கும் தொடர்'. நீங்கள் கொடுத்திருப்பது இசைத் தொடர். ஆமை வேகத்தில் விரியும்: கூடுதல் 3-ஐத் தாண்ட 11 உறுப்புகள், 4-ஐத் தாண்ட 31, 5-ஐத் தாண்ட 83, 10-ஐத் தாண்ட 12,367. ஆனாலும் எந்த எண்ணைச் சொன்னாலும் ஒருநாள் தாண்டிவிடும். ஏனென்றால் 1/3 + 1/4 அரையைவிடப் பெரிது, 1/5 முதல் 1/8 வரையும் அரையைவிடப் பெரிது, இப்படி அரை அரையாக முடிவில்லாமல் சேர்ந்துகொண்டே போகும்.

இரண்டு இடங்களில் தடுக்கும். பெயர்ச்சொல்லாக 'விரிவு' போடாதீர்கள், ஈருறுப்பு விரிவோடு குழம்பும்; 'விரிதல்' என்றே வையுங்கள். அடுத்தது 1 − 1 + 1 − 1 + … போன்ற தொடர். ஆங்கிலத்தில் இதற்கும் அதே வினைதான். ஆனால் கூடுதல் 1, 0, 1, 0 என்று ஊசலாடுகிறதே தவிர எங்கும் விரியவில்லை. அங்கே 'ஒருங்காது' என்று எழுதுங்கள்.

கேட்டவர்: செவ்வாய்ப்பேட்டை

மிக்க நன்றி. நான்காவதில் 'மதிப்பீட்டிலிருந்து பிறழ்ந்தது', ஐந்தாவதில் 'கருத்துகள் முரண்படுகின்றன' என்று மாற்றியிருக்கிறேன். சரியா?

பதில்: ஐந்து ரோடு

இரண்டுமே அளவுக்கு மீறிய சொற்கள். 'பிறழ்' என்பதில் குற்றச்சாட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது: நெறி பிறழ்தல், பிறழ் சாட்சி. சிமென்ட் விலை ஏறியதால் செலவு கூடியிருந்தால் அதில் யார் குற்றமும் இல்லை. 'மதிப்பீட்டிலிருந்து விலகியது' போதும். மாதாமாதம் வித்தியாசம் பெருகுவதை வரைபடம் காட்டினால் 'மதிப்பீட்டுக்கும் செலவுக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போகிறது' என்று விரித்தே எழுதுங்கள். வினை ஒற்றைச் சொல்லாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

'முரண்படு' என்றால் ஒன்று மற்றொன்றை மறுக்க வேண்டும். உறுப்பினர்கள் ஆளுக்கொரு பக்கம் நினைக்கிறார்கள், அவ்வளவுதானே? அதற்கு 'வேறுபடுகின்றன' சரி. ஆரம்பத்தில் ஒன்றாக இருந்து பிறகு தனித்தனியானது என்று மூலத்தில் இருந்தால் 'வேறுபடத் தொடங்கின' என்று காலத்தையும் சேர்த்துக் காட்டுங்கள்.

பதில்: அடிவாரம்

நூலில் நிலவியலும் உயிரியலும் வந்தால் பாடநூல் வழக்கையே வையுங்கள். புவித்தட்டுகளுக்கு 'விலகும் எல்லை', பரிணாமத்துக்கு 'விரி பரிணாமம்'. ஒளியில் தடுத்த 'விலகு' தட்டுகளுக்குத் தாராளமாகப் பொருந்தும், அங்கே அந்தச் சொல்லுக்கு வேறு உரிமையாளர் இல்லை.