மறு: தொடக்க ஏற்றியா, எழுப்பியா, பூட்டியா? (கையேட்டுக்குச் சொல் வேண்டும்)

அனைவருக்கும் வணக்கம்.

கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இயங்குதளப் பாடத்தின் ஆய்வகப் பகுதி அது. மாணவர்கள் தாங்களே ஒரு சின்ன பூட் செக்டர் (வட்டின் முதல் துண்டில் உட்காரும் நிரல்) எழுதி, க்யூஇஎம்யூ என்ற போலிக் கணினியில் ஓடவிட்டு, அதன் மூலம் ஒரு கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, நினைவகத்துக்குக் கொண்டுவர வேண்டும். கணினியைப் போட்டதும் கெர்னலை நினைவகத்தில் ஏற்றி ஓடவிடும் நிரலான பூட் லோடருக்குத் தமிழில் ஒரு சொல் கேட்டேன், இழை நீண்டுவிட்டது. தனித்தனியே எழுதாமல் எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

> "துவக்கி" போதுமே. சின்னச் சொல், நாவில் எளிதாக வருகிறது.

யாழ்ப்பாணத்துத் தோழி சொன்னதை நாம் யாரும் சரியாகக் காதில் வாங்கவில்லை. அவர்கள் ஊரில் துவக்கு என்றால் துப்பாக்கி. "துவக்கி ஏற்றப்பட்டது" என்று ஒரு பாடநூலில் படிக்கும் ஈழத்துப் பிள்ளைக்கு அது என்ன நினைவைக் கொண்டுவரும் என்று யோசித்துப் பாருங்கள். கலைச்சொல் கடலுக்கு இந்தப் பக்கத்தோடு நின்றுவிடக் கூடாது. துவக்கியை நான் விட்டுவிட்டேன்.

> இயந்திரம் தூங்குகிறது, அதை எழுப்புகிறோம். ஆகவே "எழுப்பி". எழு – எழுப்பு என்று தன்வினை, பிறவினை இரண்டும் கையில் இருக்கின்றன.

பெங்களூர் நண்பரே, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் மடிக்கணினியை மூடி வைத்துவிட்டுத் திறக்கிறோமே, அதற்கு என்ன சொல்வீர்கள்? உறக்க நிலையில் நினைவகத்துக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கிறது. கெர்னல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. வட்டிலிருந்து யாரும் எதையும் ஏற்றுவதில்லை. அதுதான் உண்மையான எழுப்புதல். அந்தச் சொல்லை இங்கே செலவழித்துவிட்டால், மின்மேலாண்மை பாடம் வரும்போது கையில் ஒன்றும் இருக்காது.

> "பூட்டி". வண்டி பூட்டு, ஏர் பூட்டு, நாண் பூட்டு. சித்திரையில் பொன்னேர் பூட்டுகிறோம். பயணமும் உழவும் போரும் பூட்டுவதில்தான் தொடங்குகின்றன. ஒலியும் ஒத்துப்போகிறது; தமிழிலிருந்தே போயிருக்கவும் கூடும்.

புலவர் ஐயாவுக்கு வணக்கம். பொன்னேரை நீங்கள் எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். ஒரு செயலுக்கு ஆயத்தம் செய்து, அதைத் தொடங்கியும் வைப்பது என்ற பொருள் பூட்டுதலில் இருப்பது உண்மை. ஆனால் ஆங்கிலச் சொல் காலணியிலிருந்து வந்தது. தன் காலணியின் வாரைத் தானே பிடித்து இழுத்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது என்ற பழைய மரபுத்தொடரின் சுருக்கம் அது. ஒரு நிரலை ஏற்ற இன்னொரு நிரல் வேண்டும், அதை ஏற்ற யார் என்ற சிக்கலுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். நம் பூட்டோடு ஒலி ஒத்துப்போவது தற்செயல். அதைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. இதே பாடத்தின் ஐந்தாம் இயலில், ஒரே தரவை இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் மாற்றாமல் காக்கும் பூட்டுகள் வருகின்றன. வட்டுப் பூட்டும் வருகிறது. "பூட்டி பூட்டப்பட்டது" என்று எழுத நேர்ந்தால் மாணவர் எதைப் புரிந்துகொள்வார்?

இனி, எனக்கு முக்கியமான இடம்.

எந்தச் சொல் வந்தாலும் அது ஏற்றுவதையும் ஓடவிடுவதையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது. பழைய பயாஸ் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். கணினியைப் போட்டதும் முதலில் ஓடும், பலகையில் பதிந்த நிரல்தான் பயாஸ். பயாஸ் வட்டின் முதல் செக்டரை, அதாவது 512 பைட்டை, நினைவகத்தில் 31,744ஆம் முகவரியில் கொண்டுவந்து வைக்கிறது. பதினறும எண்ணில் 7சி00. 1981இல் வந்த ஐபிஎம் பிசியிலிருந்து இந்த முகவரிதான். வைத்த பிறகு கடைசி இரண்டு பைட் 55, ஏஏ என்று இருக்கின்றனவா என்று பார்க்கிறது. இருந்தால் அந்த முகவரிக்குத் தாவுகிறது. இல்லாவிட்டால் ஏற்றியது ஏற்றியபடியே கிடக்கும். ஒரு கட்டளைகூட ஓடாது. ஏற்றம் நடந்தது, தாவல் நடக்கவில்லை. இரண்டும் வேறு வேறு என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

அடுத்த படியிலும் இதேதான். அந்த 512 பைட்டில், வட்டு எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் பகிர்வு அட்டவணைக்கு 64 பைட், 55, ஏஏ என்ற ஒப்பத்துக்கு 2 பைட் போக, நிரலுக்கு 446 பைட்தான் மிச்சம். அதற்குள் லினக்ஸை ஏற்றும் அளவுக்கு எழுதுவது மிகக் கடினம். அதனால்தான் லினக்ஸோடு வரும் பூட் லோடரான க்ரப் முதலில் தன் சின்னத் துண்டால் தன் பெரிய துண்டை ஏற்றுகிறது. பெரிய துண்டு செயலியை 32 பிட் நிலைக்கு மாற்றி, கெர்னலை 1 எம்பிக்கு மேலே வைத்து, அதனிடம் கட்டுப்பாட்டைக் கொடுக்கிறது. கெர்னலும் சுருக்கிய வடிவில்தான் வந்து சேர்கிறது. தன்னைத் தானே விரித்துக்கொண்ட பிறகுதான் உண்மையான வேலையைத் தொடங்குகிறது.

ஆய்வகத்தில் பிள்ளைகள் தடுக்கி விழுவதும் இங்கேதான். நிரல் 7சி00இல் உட்கார்ந்திருக்கிறது என்பதை, எழுதியதை இயந்திர மொழியாக்கும் அசெம்ப்ளருக்குச் சொல்ல மறந்துவிடுவார்கள்; திரையில் எழுத்துக்குப் பதில் குப்பை வரும். "ஏறிவிட்டதே சார், ஏன் ஓடவில்லை?" என்பார்கள். ஏறியது வேறு, ஓடுவது வேறு என்று சொல்லே கற்றுக்கொடுத்தால் எவ்வளவு நல்லது!

ஆகவே "ஏற்றி" என்ற பகுதி கட்டாயம் வேண்டும். அது வினையெச்சத்தோடு குழம்பும் என்றார் புலவர் ஐயா. "கெர்னலை நினைவகத்தில் ஏற்றி ஓடவிடும்" என்ற தொடரில் ஏற்றி பெயரா, எச்சமா என்பது நியாயமான கேள்விதான். ஆனால் மின்னேற்றி என்று எழுதுகிறோம், யாரும் குழம்புவதில்லை. முன்னால் ஒரு பெயர் ஒட்டி நின்றாலோ, ஏற்றியை, ஏற்றிக்கு என்று உருபு வந்தாலோ தெளிந்துவிடுகிறது.

முன்னால் எது? "முதலேற்றி" வேண்டாம். பயாஸுக்குப் பதிலாக யுஇஎஃப்ஐ வந்த பிறகு முதல் செக்டர், 7சி00 என்ற கதையே இல்லை. ஃபேட் என்ற கோப்பு முறையில் உள்ள வட்டுப் பகிர்விலிருந்து பூட் லோடரை ஒரு கோப்பாகவே படித்து ஓடவிடுகிறது. அதோடு, உண்மையில் முதலில் ஓடுவது பலகையிலேயே பதிந்திருக்கும் நிலைநிரல். கெர்னலைக் கரு என்று கொண்ட "கருவேற்றி"யும் வேண்டாம், மருத்துவர் ஒருவர் இந்தக் குழுவிலேயே முகம் சுளித்தார், அவர் சொன்னது சரி.

மிஞ்சுவது "தொடக்க ஏற்றி". இதுவரை பேசியவர்களில் பெரும்பாலோர் சோர்ந்துபோய் இதில்தான் வந்து நிற்கிறார்கள். தொடக்கு என்ற வினையாக எழுதினால் தீட்டைக் குறிக்கும் துடக்கு நினைவுக்கு வரும் என்று ஒருவர் சொன்னார். அதனால் தொடக்கம் என்ற பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

"பூட் லோடர்" என்றே விடலாம் என்ற கட்சிக்கும் ஒரு சொல். தொல்காப்பியர் திசைச்சொல்லுக்கு இடம் கொடுத்தார், நன்னூலாரும் "புதியன புகுதலும்" வழுவல என்றார் என்று எழுதியிருந்தீர்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். இயல் தொடக்கத்தில் இரண்டு பெயரையும் சேர்த்தே அச்சிடுகிறேன். மாணவர் வேலைக்குப் போகும் இடத்தில் பூட் என்றுதான் பேசுவார்கள். அதை மறைத்துவைப்பது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

புலவர் ஐயா தம் மறுப்பைப் பதிவு செய்யச் சொன்னார்: பூட்டியே சரி, தொடக்க ஏற்றி சொல் அல்ல, விளக்கம். பதிந்துவிட்டேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இரண்டு சொல் சேர்ந்த பெயரில் வினை பிறக்காது. "கணினி பூட் ஆகவில்லை" என்பதை இப்போதும் "தொடங்கவில்லை" என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. சாதாரண நிரல் தொடங்குவதையும் அப்படித்தான் சொல்கிறோம். இதற்கு என்னிடம் விடை இல்லை.

இன்னொன்றும் பாக்கி. ஏற்றி முடித்தபின் கட்டுப்பாட்டைக் கெர்னலிடம் கொடுக்கிறோமே, அதற்குக் கையேட்டில் இப்போதைக்கு "ஒப்படைப்பு" என்று போட்டிருக்கிறேன். "தாவல்" உலாவிகளில் வேறு பொருளில் புழங்குவதால் அதைத் தலைப்பில் தவிர்த்தேன். இதற்கு நல்ல சொல் இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.

அன்புடன்