கிரிக்கெட் தெரியாத நாட்டுக்காரரோட உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கோ

வவுனியா:
என்ர மச்சான் இத்தாலியில, பலெர்மோவில இருக்கிறார். இத்தாலி 2026 டி20 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற அண்டு சந்தோசத்தில வேலையிடத்தில சொல்லியிருக்கிறார், ஒருத்தருக்கும் தங்கட நாட்டுக்கு அப்பிடி ஒரு டீம் இருக்கிறதே தெரியாதாம். எனக்கு அது கவலையாத்தான் இருந்தது.

முல்லைத்தீவு:
ஜேர்மனியில படிக்கிற பெறாமகள் பள்ளிக்கூடத்தில கிரிக்கெட் எண்டு சொன்னா பேஸ்போலோ எண்டுதான் கேப்பினமாம். பிறகு வகுப்புக்கு ஒரு ஆப்கான் பெடியன் வந்தவன், ரெண்டு பேரும் ரஷீத் கானைப் பற்றிக் கதைச்சே கூட்டாளியாகிட்டினம்.

கிளிநொச்சி:
சண்டை முடிஞ்சு அடுத்த வருசம், 2010ல, நான் கண்ணிவெடி எடுக்கிற ஒரு நிறுவனத்தில மொழிபெயர்ப்புக்கு நிண்டனான். எங்களுக்குப் பொறுப்பா இருந்தவர் சுவிஸ்காரர், பேர்ண் பக்கம் ஒரு கிராமம். டெஸ்ட் மட்ச் 5 நாள் நடக்கும், நடந்தும் வெற்றி தோல்வி இல்லாமல் முடியலாம் எண்டு சொல்ல மனுசன் நம்பேல்ல, பிறகு 1939ல தென்னாபிரிக்காவில, டர்பன்ல, இத்தினை நாள் எண்ட எல்லை இல்லாமல் மார்ச் 3 தொடங்கி 14 மட்டும் இழுபட்டு இங்கிலாந்து டீம் கப்பலுக்கு நேரமாச்செண்டு விட்டிட்டுப் போன மட்சைச் சொன்னன், இன்னும் மோசம், அது விளையாட்டே இல்லை எண்டிட்டார். எனக்குச் சரியான கோவம்.

ஆனா அவற்ற ஊரிலயும் ஹோர்னுசன் எண்டு ஒண்டு இருக்கு. வளையிற நீளத் தடியால சின்ன வில்லை ஒண்டை அடிக்க, அது தூரத்தில பறந்து வர மற்றப் பக்கத்தார் பலகையை மேல எறிஞ்சு விழுத்துவினம். அதை அவர் மண்ணில கீறிக் காட்டேக்க முகம் அப்பிடி மலர்ந்தது. எங்கட நாட்டுக்கு வெளியில இது ஆருக்கும் தெரியாது எண்டார். அதுக்குப் பிறகு எங்கட விளையாட்டை ஒருநாளும் குறைச்சுக் கதைக்கேல்ல, தானா ஒவ்வொண்டாக் கேட்பார்.

ஒரு பின்னேரம் வெட்டின வயலுக்க பெடியள் விளையாடினவங்கள், தென்னை மட்டையில செதுக்கின பட், டெனிஸ் போல். வயலுக்கு அங்கால நாங்கள் கட்டின சிவப்பு டேப், மண்டையோட்டுப் போர்ட். ஒருத்தன் தூக்கி அடிச்சான், பந்து டேப்பைத் தாண்டி விழ பட்டை வைச்சிட்டுப் பேசாமல் போறான். இவ்வளவு தூரம் அடிச்சவன் ஏன் போறான், நீ ஆறு ஓட்டம் எண்டல்லோ சொன்னனி எண்டு கேட்டார். அங்கால போனா அவுட், பந்தையும் எடுக்கப் போகக் கூடாது, அது அவங்கட சட்டம் எண்டன். வாகனத்தில திரும்பி வரும் மட்டும் அவர் ஒண்டும் கதைக்கேல்ல.

அந்தத் துண்டைத் துப்புரவாக்கி முடிக்க மாசக்கணக்காச்சு. டேப் கழட்டின அண்டு பெடியள் ஓடி வந்து என்னட்டக் கேக்காமல் நேர அவரிட்டயே, "இனி அங்கால அடிச்சா சிக்ஸ்தானே?" எண்டு கேட்டவங்கள். சிக்ஸ் எண்ட சொல் அவருக்கு விளங்கினது. அம்பயர் மாதிரி ரெண்டு கையையும் மேல தூக்கினார்.