பணத்தைத் திருப்பிக் கொடுக்காமல் மன்னிப்பு கேட்கலாமா?

ஒலிவமரம்:
ஸ்தோத்திரம். ஒருவரை ஏமாற்றிப் பணம் வாங்கியவர் தேவனிடம் தினமும் மன்னிப்பு கேட்கிறார். பணம் இன்னும் இவர் கையில்தான். மனதில் சமாதானம் இல்லை. உபவாசம் இருக்கச் சொல்லலாமா?

வழிப்போக்கன்:
உபவாசம் அப்புறம். வேதாகமத்தில் எண்ணாகமம் 5:7 பாருங்கள்: பாவத்தை அறிக்கையிட்டு, முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். அதாவது 1,000 எடுத்திருந்தால் 1,200. உரியவரும் இல்லை, வாங்கிக்கொள்ள உறவினரும் இல்லை என்றால் அது கர்த்தருக்கென்று ஆசாரியனைச் சேரும் (5:8). இந்த விகிதம் இன்று நமக்குச் சட்டமில்லை என்றே நினைக்கிறேன், ஆனால் முதலையே அமுக்கி வைத்துக்கொண்டு என்ன மனந்திரும்புதல்? மொத்தமாக முடியாவிட்டால் தவணை பேசட்டும்.

ஜெபமும் பொத்தாம்பொதுவாக இருக்கக் கூடாது. "நான் பாவி" என்று சொல்வது சுலபம். "இன்னாரிடம் இந்தப் பொய்யைச் சொல்லி இவ்வளவு வாங்கினேன்" என்று சொல்லும்போதுதான் தொண்டை அடைக்கும். சாக்கும் வேண்டாம். தேவனுடைய கட்டளையை மீறிய சவுல் ராஜா ஜனங்கள்மேல் பழி போட்டான் (1 சாமுவேல் 15). தாவீது ராஜாவோ, தன் பாவத்தைக் கண்டித்த நாத்தான் தீர்க்கதரிசியிடம் ஒரே வரியில் ஒப்புக்கொண்டான்.

திராட்சைச்செடி:
சரிதான், ஆனால் கொடுத்துவிட்டால் மன்னிப்பு கிடைத்துவிடும் என்று கணக்குப் போடவும் கூடாது. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ், அதற்காக வாங்கிய 30 வெள்ளிக்காசையும் திருப்பினான், பாவஞ்செய்தேன் என்றும் சொன்னான் (மத்தேயு 27). ஆனால் அவன் போனது பிரதான ஆசாரியரிடம், இயேசுவிடம் அல்ல. வரி வசூலித்த சகேயுவோ, இயேசு வீட்டுக்கு வந்த பிறகுதான், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக (நான்கு மடங்காக) தருகிறேன் என்கிறான். மன்னிப்பு கிறிஸ்துவின் இரத்தத்தினால் வருகிறது (எபேசியர் 1:7).

மெழுகுவர்த்தி:
நாங்கள் கத்தோலிக்கர். ஆன்ம சோதனை (செய்த பாவங்களை நினைத்துப் பார்ப்பது), மனத்துயர், திருந்தும் உறுதி, பாவசங்கீர்த்தனம் (குருவானவரிடம் பாவத்தை அறிக்கையிடுவது), பரிகாரம் என்று போகும். சாவான பாவம், அதாவது கனமான பாவம் என்றால் வகையோடு எத்தனை முறை என்பதையும் சொல்ல வேண்டும். பலர் சறுக்குவது பரிகாரத்தில். குருவானவர் சொன்ன செபங்களை முடித்ததும் கடன் தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். தீரவில்லை, பணம் போய்ச் சேர வேண்டும். முகம் காட்டத் தயங்கினால் குருவானவரிடமே வழி கேட்கலாம். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை அவர் வெளியே விடமாட்டார்.

ஒலிவமரம்:
நன்றி. கொடுக்கப் போகும்போது பணத்துக்கு உரியவர் மன்னிக்க மறுத்தால்?

வழிப்போக்கன்:
பணத்தைக் கொடுத்துவிட்டு வரட்டும். "உங்களாலானமட்டும்" எல்லாரோடும் சமாதானமாயிருங்கள் என்றுதான் ரோமர் 12:18 சொல்கிறது. அவரை வற்புறுத்த வேண்டாம். அதன்பின் குற்ற உணர்வு தலைதூக்கினால் அதே பாவத்தை மறுபடி அறிக்கையிடாமல், பாவத்தை அறிக்கையிட்டால் தேவன் மன்னிப்பார் என்ற 1 யோவான் 1:9-ஐ வாசித்து நன்றி சொல்லட்டும்.