அக்கா ஓட்டு போடப்போற ஃபேமிலி கோர்ட் ஜட்ஜ், ரெண்டு பேர்ல யாருன்னு எப்படி பாக்குறது?

பால்மரத்து பையன் (சுங்கை சிப்புட்)

வணக்கம் எல்லாருக்கும், கேள்வி கொஞ்சம் கிறுக்குத்தனமா இருக்கும், சிரிக்கிறவங்க சிரிச்சிட்டு பதில் சொல்லிட்டு போங்க. எங்க பெரியக்கா கல்யாணம் ஆகி அமெரிக்கா போயி இருவது வருஷத்துக்கு மேல ஆச்சு, டெக்சாஸ்ல ஹியூஸ்டன் பக்கம் இருக்காங்க, இப்பதான் அந்த ஊரு குடியுரிமை எடுத்தாங்க. நம்ம மலேசியாவுல ரெண்டு குடியுரிமை வச்சிக்க முடியாதில்ல, நீல ஐசிய (அடையாள அட்டைய) திருப்பி குடுத்துட்டேன்னு அக்கா போன் பண்ண அன்னைக்கு அம்மா ராத்திரி சோறு சாப்பிடல. அது வேற கதை.

இப்ப விசயம் என்னான்னா நவம்பர்ல அக்காவுக்கு முதல் ஓட்டு. மாதிரி ஓட்டுச்சீட்ட வாட்சப்புல அனுப்புனாங்க, கீழ இழுக்க இழுக்க முடியவே இல்ல, எங்க பாத்தாலும் ஜட்ஜு, ஜட்ஜு, ஜட்ஜு. விவாகரத்து, புள்ள யாருகிட்ட இருக்கணும் இதெல்லாம் பாக்குற ஃபேமிலி கோர்ட் ஜட்ஜயும் ஜனங்கதான் ஓட்டு போட்டு எடுக்குறாங்களாம், நம்பவே முடியல. நான் டவுன்ல ஒரு லாயர் ஆபீஸ்ல டிஸ்பாட்ச் வேல பாக்குறேன், அதனால வீட்டுல எனக்கு சட்டம் தெரியும்னு நெனப்பு. பேப்பர தூக்கிட்டு மோட்டர்ல ஈப்போ கோர்ட்டுக்கு போயிட்டு வர்றதோட என் சட்டம் முடிஞ்சிரும்.

அக்கா கேக்குற சீட்டுக்கு ரெண்டே பேரு. ஒருத்தங்க இப்ப ஜட்ஜா இருக்குற ஒரு அம்மா, நோட்டீஸ்ல படிச்ச படிப்பு, எத்தன வருஷம் வேல, சட்டப்படி நடப்பேன், அவ்ளோதான், சப்புன்னு இருக்கு. இன்னொருத்தர் லாயர், இவரு நோட்டீஸ் நல்லா சூடா இருக்கு, அம்மாங்களோட கண்ணீருக்கு பதில் சொல்லுவேன்ற மாதிரி. புள்ளைய அம்மாகிட்டதான் குடுப்பேன்னு நேரா எழுதல, ஆனா அந்த வாடை அடிக்குது. அக்காவுக்கு இவரதான் புடிச்சிருக்கு, உண்மைய சொன்னா எனக்கும்தான். இத எத வச்சி கம்பேர் பண்றது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

லோங்காங் லிங்கம்

தம்பி, எங்க தாமான்ல (குடியிருப்புல) லோங்காங் (சாக்கடை) அடைச்சி ரெண்டு மாசம் ஆச்சு, அத பாக்க வேண்டிய கவுன்சிலர் யாருன்னே எனக்கு தெரியாது, ஏன்னா அவர நான் எடுக்கல, நம்ம நாட்டுல ஊராட்சி தேர்தல 1965ல நிறுத்துனதோட சரி. கவுன்சிலருக்கே ஓட்டு இல்லாத ஊருல ஒக்காந்துக்கிட்டு ஹியூஸ்டன் ஜட்ஜுக்கு ஆள் பொறுக்குறோம் பாருங்க 😂 அக்காகிட்ட சொல்லி எனக்கும் ஒரு ஓட்டு வாங்கி குடுங்க லா.

பீடோர் பொண்ணு

நான் பீடோர்ல பொறந்து வளந்தவ, இப்ப ஹியூஸ்டன்தான், மூணு தடவ இந்த ஓட்டு போட்டிருக்கேன். தம்பி, முதல்ல அக்கா எந்த கவுண்டின்னு கேளு, கவுண்டின்னா நம்ம ஊரு மாவட்டம் மாதிரி. ஹியூஸ்டன் பக்கம்னு நாம பொதுவா சொல்லிருவோம், சுகர்லேண்ட்னா ஃபோர்ட் பெண்ட் கவுண்டி, மீனாட்சி கோயில் இருக்குற பியர்லேண்ட்ல முக்கால்வாசி பிரசோரியா கவுண்டி, ஒவ்வொன்னுக்கும் கோர்ட்டும் வேற ஜட்ஜும் வேற. சீட்டு அவ்ளோ நீளம்னா ஹாரிஸ் கவுண்டியாதான் இருக்கணும். அங்க மட்டும் ஃபேமிலி கோர்ட் 11 இருக்கு, அதுல 280ஆம் நம்பர் கோர்ட் வீட்டுல அடி உதைக்கு பாதுகாப்பு ஆர்டர் குடுக்குற கோர்ட்.

டெக்சாஸ்ல ஜட்ஜுக்கு 4 வருஷ பதவி, கட்சி பேர் போட்டுதான் நிக்கிறாங்க, இதுதான் பெரிய தலைவலி. 2018ல ஹாரிஸ்ல டெமாக்ரட் கட்சி 59 ஜட்ஜ் சீட்டையும் அள்ளிட்டு போச்சு, அதுல நல்லா வேல பாத்தவங்களும் போனாங்க, ஒரு நாளும் கோர்ட்டு பக்கம் வராத ஜனங்க கட்சிய பாத்து குத்துனதுதான். அப்ப ஒரே பட்டன் அமுக்குனா கட்சி முழுக்க ஓட்டு விழும், 2020ல இருந்து அது இல்ல, ஒவ்வொரு சீட்டா குத்தணும். அதனால அக்கா சோம்பேறித்தனம் படாம கடைசி வரைக்கும் போகணும். அடுத்த தடவைக்கு இன்னொன்னு, பல சீட்டுக்கு உண்மையான போட்டி மார்ச்ல கட்சிக்குள்ள நடக்குற பிரைமரியிலயே முடிஞ்சிரும், நவம்பர் மட்டும் பாத்தா பந்தி முடிஞ்சி எல கழுவுற நேரத்துக்கு வந்த மாதிரி.

இப்ப அந்த சூடான நோட்டீஸ் விசயம். தம்பி கோவிச்சிக்காத, எனக்கு அத படிச்ச உடனே வயித்த கலக்குச்சு. டெக்சாஸ் குடும்ப சட்டத்துலயே எழுதியிருக்கு, புள்ள யார்கிட்டன்னு முடிவு பண்றப்ப அம்மாவா அப்பாவான்னு பாத்து முடிவு பண்ணக்கூடாது. அப்ப அம்மாங்க பக்கம்னு சாடை காட்டுற ஆளு, ஒன்னு சட்டம் தெரியாம பேசுறாரு, இல்ல தெரிஞ்சே ஓட்டுக்காக பேசுறாரு. ஜட்ஜுக்கு நிக்கிறவங்க இந்த மாதிரி கேசுல இப்படித்தான் தீர்ப்பு சொல்லுவேன்னு வாக்கு குடுக்கக்கூடாதுன்னு அங்க நடத்தை விதியே இருக்கு. அந்த அம்மா சப்புன்னு எழுதியிருக்காங்கன்னா எழுத தெரியாம இல்ல, கட்டுப்பட்டு இருக்காங்க.

நான் என்ன பாப்பேன்னா, ஸ்டேட் பார், அதான் டெக்சாஸ் லாயருங்க பதிவு இருக்குற அமைப்பு, அவங்க வெப்சைட்ல பேர் தட்டுனா எந்த வருஷம் லைசன்ஸ் வாங்குனாங்கன்னு வரும். 2021ல ஓட்டெடுப்பு நடந்து சட்டத்த மாத்துனாங்க, இப்ப மாவட்ட ஜட்ஜுக்கு (ஃபேமிலி கோர்ட் ஜட்ஜும் அதுல சேத்திதான்) நிக்கணும்னா 8 வருஷ அனுபவம் வேணும், முன்னாடி 4 இருந்தா போதும். ஆனா 8 வருஷமும் ஆக்சிடென்ட் கேசு பாத்த லாயருக்கு குடும்ப கேசு என்னா தெரியும்? அதுக்கு ஃபேமிலி லாவுல போர்டு சர்டிபிகேட் இருக்கான்னு பாரு, அது பரீட்சை எழுதி வாங்குறது, சும்மா கெடைக்காது. அப்புறம் ஹியூஸ்டன் பார் அசோசியேஷன் லாயருங்ககிட்ட கருத்து கேட்டு வெளியிடும், இப்ப இருக்குற ஜட்ஜு நேரத்துக்கு வர்றாங்களா, மரியாதையா நடத்துறாங்களா, கட்டு படிச்சிட்டு ஒக்கார்றாங்களான்னு. லாயருங்க சங்கமாச்சேன்னு முழுசா நம்பாத, ஆனா பத்து பேருல எட்டு பேரு ஒரே கொறைய சொன்னா அதுல ஏதோ இருக்கு. ஜட்ஜுங்க நடத்தைய விசாரிக்கிற கமிஷன் ஒன்னு இருக்கு, பகிரங்கமா கண்டிச்சிருந்தா அவங்க வெப்சைட்டுலயே இருக்கும், அஞ்சு நிமிஷ வேல.

யாரும் கேக்காத விசயம் ஒன்னு இருக்கு. பல விசாரணைய ஜட்ஜு பாக்குறதே இல்ல, அவங்க நியமிக்கிற அசோசியேட் ஜட்ஜுதான் பாக்குறாங்க, எங்க கூட்டாளி கேசுல கடைசி வரைக்கும் அவரத்தான் பாத்தோம். அப்ப ஒரு ஓட்டுல ரெண்டு ஆள எடுக்குற. இப்ப இருக்குற அம்மாவோட அசோசியேட் எப்படின்னு விசாரிக்கலாம், புது ஆளு யார வைப்பாருன்னு போன் போட்டு கேக்கலாம், தேர்தல் நேரத்துல எடுப்பாங்க.

ஓட்டு போடுற எடத்துல 100 அடிக்குள்ள போன் தொடக்கூடாது, வாட்சப்ப பாத்து குத்தலாம்னு போனா மாட்டிப்பாங்க. பேப்பர்ல எழுதி எடுத்துட்டு போகலாம், அத யாரும் தடுக்க மாட்டாங்க.

மூணு புள்ளக்காரி

நான் இதுல பேசலாமா வேணாமான்னு ரெண்டு தடவ டைப் பண்ணி அழிச்சிட்டேன். எனக்கு இங்க மலேசியாவுலதான் விவாகரத்து ஆச்சு, எந்த ஊரு கோர்ட்டுன்னு சொல்லல. முதல்ல ஜேபிஎன் (தேசிய பதிவு இலாகா) சமரசம் பேசுற ட்ரிபியூனல், அவரு ஒரு தடவையும் வரல, அப்புறம்தான் ஹைகோர்ட்டு. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு கூட்டா மனு போட்டா அந்த ட்ரிபியூனல் வேணாம், சீக்கிரம் முடிஞ்சிரும், எங்களுக்கு ஒத்துப்போற தலையெழுத்து இல்ல. நம்ம 1976 கல்யாண, விவாகரத்து சட்டத்துல 7 வயசுக்கு கீழ இருக்குற புள்ளைக்கு அம்மாகிட்ட இருக்குறதுதான் நல்லதுன்னு ஒரு அனுமானம் இருக்கு, எதிர்த்து நிரூபிச்சா மாறும், ஆனா தொடக்கத்துல அது அம்மா பக்கம்தான். என் கடைசி புள்ளைக்கு அப்ப நாலு வயசு, நானும் அத புடிச்சிட்டுதான் நின்னேன்.

ஆனா பாருங்க, எங்க சொந்த அண்ணனுக்கு அதே சட்டம் எதிரா நின்னுச்சு. அண்ணி சிங்கப்பூர் வேலைக்கு போயி ரெண்டு வருஷம் எட்டி பாக்கல, புள்ளைக்கு பால் கலக்கி குடுத்து பள்ளிக்கூடம் கொண்டுபோயி விட்டதெல்லாம் எங்க அண்ணன், எஸ்டேட்ல செம்பனை லோரி ஓட்டுறவரு. அண்ணி திரும்பி வந்து கேசு போட்டாங்க. அன்னைக்கு அம்மாங்க கண்ணீருன்னு பேசுற ஜட்ஜு ஒக்காந்திருந்தா அந்த புள்ள கதி என்னா? நல்லவேளை அந்த ஜட்ஜு அடிக்கடி புள்ளைய எடம் மாத்துறது நல்லதில்லன்னு பாத்தாரு, சட்டத்துல அதுவும் இருக்கு. யாரு பக்கமும் பேசல, யார் எந்நேரம் புள்ளைய பாத்துக்கிட்டதுன்னு ஒவ்வொன்னா கேட்டாரு, கிளினிக் கார்டுல யாரு கையெழுத்துன்னு கூட. அக்காகிட்ட சொல்லுங்க, அந்த மாதிரி கேள்வி கேக்குற ஆளா பாக்க சொல்லுங்க.

ஜுருபாசா ஐயா

முப்பது வருஷம் கோர்ட்டுல மொழிபெயர்ப்பு பாத்து பென்ஷன் வாங்குறவன். ஜட்ஜு மேசைக்கு கீழ ஒக்காந்து பாத்தவனுக்கு ஒன்னு தெரியும், நல்ல ஜட்ஜுன்னு வெளிய பேர் வாங்குறவரும் நல்லா கேசு நடத்துறவரும் எப்பவும் ஒரே ஆளா இருக்குறதில்ல. சத்தமா அறிவுரை சொல்றவர ஜனங்களுக்கு புடிக்கும். ஆனா எனக்கு புடிச்சவரு, எதிர்ல நிக்கிற பால் மரம் வெட்டுற அம்மா பதில் சொல்ல திக்குனா பேனாவ கீழ வச்சிட்டு காத்திருப்பாரு, அந்த அம்மா சொன்னத நான் முழுசா மொழிபெயர்த்தேனான்னு என்னை திருப்பி கேப்பாரு. அத நோட்டீஸ்ல போட முடியுமா?

எனக்கு இந்த ஓட்டு விசயமே ஒப்பல. நம்ம நாட்டுல ஹைகோர்ட் ஜட்ஜ 2009 சட்டத்துல வந்த நியமன ஆணையம் பரிந்துரை பண்ணி, பிரதமர் ஆலோசனையில மாமன்னர் நியமிக்கிறாரு, ஆட்சியாளர்கள் மன்றத்தையும் கலந்துக்குவாங்க. கொறை இல்லாம இல்ல, கதவுக்கு பின்னால நடக்குறது நமக்கு தெரியாது. ஆனா தேர்தல்னா காசு வேணும், காசு யாரு குடுப்பா? நாளைக்கு அதே கோர்ட்டுல நிக்கப்போற லாயருதான். வெஸ்ட் வெர்ஜினியாவுல ஒரு நிலக்கரி கம்பெனி முதலாளி ஒரு ஜட்ஜ ஜெயிக்க வைக்க 30 லட்சம் டாலர் செலவு பண்ணாரு, அந்த ஜட்ஜே கம்பெனி அப்பீல்ல ஒக்காந்தாரு, 2009ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் அவரு ஒதுங்கியிருக்கணும்னு தீர்ப்பு சொல்லுச்சு. அஞ்சு பேரு அப்படி, நாலு பேரு வேற மாதிரி, அதையும் பாத்துக்கோங்க.

பீடோர் பொண்ணு

ஐயா சொல்றது நெஜம், அதனாலதான் டெக்சாஸ்ல ஜட்ஜ் தேர்தலுக்கு நன்கொடை வரம்பு வச்சிருக்காங்க, யாரு எவ்ளோ குடுத்தான்றது எத்திக்ஸ் கமிஷன் வெப்சைட்ல பாக்கலாம். தம்பி, ரெண்டு பேரோட கணக்கையும் பாரு. பூராவும் ஃபேமிலி லாயருங்க பேரா இருந்தா உடனே திருட்டுன்னு நெனக்காத, வேற யாரும் ஜட்ஜுக்கு காசு குடுக்க மாட்டாங்க. ஆனா ஒரே ஆபீஸ்ல இருந்து திரும்ப திரும்ப வந்திருந்தா, அந்த ஆபீஸ் லாயருங்களுக்கு புள்ளைங்க சார்பா பேசுற வேலைய அந்த ஜட்ஜு அள்ளி குடுத்திருக்காங்களான்னு பாரு. கோர்ட் நியமனத்தையும் அதுக்கு குடுத்த பீசையும் ஒவ்வொரு மாசமும் ரிப்போட் பண்ணணும்னு 2015லயே சட்டம் போட்டாங்க. இது கொஞ்சம் மெனக்கெட்ட வேல, ஒரு சனிக்கிழமை போகும்.

ஐயாவுக்கு ஒரே ஒரு பதில், எங்க ஊருல மோசமான ஜட்ஜ 4 வருஷத்துல வீட்டுக்கு அனுப்பலாம். உங்க ஊருல?

ஜுருபாசா ஐயா

நல்ல ஜட்ஜயும் அதே 4 வருஷத்துல அனுப்புறீங்களே மா, 2018 கதைய நீங்கதான சொன்னீங்க.

பால்மரத்து பையன்

அக்கா ஹாரிஸ் கவுண்டிதான். நேத்து ராத்திரி வீடியோ கால்ல மூணு மணி நேரம் ஒக்காந்து பாத்தோம், அக்காவுக்கு காலையில, எனக்கு தூக்கம் சொக்குது. புது ஆளு லைசன்ஸ் வாங்கி நெறைய வருஷம் ஆச்சு, ஆனா குடும்ப சட்டத்துல சர்டிபிகேட் இல்ல. அந்த அம்மாவுக்கு இருக்கு. ஜட்ஜுங்க நடத்தைய விசாரிக்கிற கமிஷன் வெப்சைட்ல ரெண்டு பேர் பேரும் இல்ல. லாயருங்க கருத்துல அந்த அம்மாவுக்கு நேரத்துக்கு கேச எடுக்குறதுல மார்க் கம்மி, மத்ததுல பரவால்ல. நன்கொடை கணக்கு பாதிதான் முடிஞ்சது, அக்கா மிச்சத்த சனிக்கிழமை பாக்குறேன்னாங்க.

மூணு புள்ளக்காரி அக்கா எழுதுனத நான் அப்படியே படிச்சி காட்டுனேன். எங்கக்கா ரொம்ப நேரம் பேசல, அப்புறம் அந்த கிளினிக் கார்டு வரிய திரும்ப படிக்க சொன்னாங்க. சூடான நோட்டீஸ இன்னும் ஃப்ரிட்ஜ்ல ஒட்டிதான் வச்சிருக்காங்க, ஆனா இப்ப அதுக்கு பக்கத்துல இன்னொரு பேப்பர், அசோசியேட் ஜட்ஜு யாருன்னு போன்ல கேக்கணும்னு எழுதி.

பின்னால ஒக்காந்திருந்த எங்கம்மா எல்லாத்தையும் கேட்டுட்டு, அவ்ளோ கஷ்டப்பட்டு ஓட்டு போடணுமா, அந்த நீல ஐசிய திரும்ப வாங்க முடியுமான்னு கேளுடான்றாங்க. அதுக்கு தனியா ஒரு திரெட் போடுறேன்.

லோங்காங் லிங்கம்

போடுங்க போடுங்க, அப்படியே என் லோங்காங்குக்கும் ஒன்னு.