ஆர்டர் கொடுத்துச் செய்த மோதிரம் உடைந்தது: "ரிட்டர்ன் கிடையாது" என்று பில்லில் போட்டிருந்தால் அவ்வளவுதானா?

கேள்வி (வெண்பொன்)
சொந்த டிசைன் கொடுத்துச் செய்த வெள்ளைத் தங்க மோதிரம். வாங்கி ஏழு வாரம். கல்லைப் பிடிக்கும் நான்கு நகங்களில் ஒன்று ஒடிந்து, கல் ஆடுகிறது. "நீங்கள் எங்கோ இடித்திருக்கிறீர்கள். ஆர்டர் நகையைத் திரும்ப எடுப்பதில்லை, பில்லிலேயே இருக்கிறது. கூலி கொடுத்தால் சரிசெய்து தருகிறோம்" என்கிறது கடை. பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

பதில் (சட்டவரி)
கடை இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறது. மனசு மாறித் திருப்பிக் கொடுப்பது வேறு, பழுதென்று திருப்பிக் கொடுப்பது வேறு. ஆர்டர் பொருளுக்கு முதலாவது பெரும்பாலும் கிடைக்காது. இரண்டாவதை பில்லில் அச்சடித்த ஒரு வரி பறித்துவிடாது.

எந்த நாடு என்று நீங்கள் சொல்லவில்லை, அதனால் இரண்டு நாட்டுச் சட்டத்தையும் சொல்கிறேன். பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பழுதான பொருளை 30 நாளுக்குள் நிராகரித்து முழுப் பணம் கேட்கலாம். அது தாண்டினால் முதலில் ரிப்பேர் அல்லது மாற்றுப் பொருள், கடையின் செலவில். அந்த ஒரு ரிப்பேரும் சரிவராவிட்டால் பணம் கேட்கலாம். ஆறு மாதத்துக்குள் தெரியும் பழுது ஆரம்பத்திலிருந்தே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடையின் வேலை. இந்தியாவின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதை முறையற்ற வணிகமாகவே பட்டியலிடுகிறது. புகார் செய்ய இரண்டு ஆண்டு அவகாசம். ஏழு வாரம் ஒன்றும் தாமதமில்லை.

பதில் (உரைகல்)
ரிப்பேருக்குக் கொடுத்துவிடாதீர்கள், இப்போதைக்கு. ஒரு முறை பற்றவைத்துப் பாலிஷ் போட்டால் சாட்சி போச்சு.

பத்து மடங்கு லென்ஸில் உடைந்த வாயைப் பாருங்கள். குறுணை குறுணையாக, ஊசித் துளைகளோடு இருந்தால் வார்ப்பில் காற்று சிக்கியிருக்கிறது. கல் உட்கார நகத்தில் வெட்டும் பள்ளம் பாதித் தடிமனுக்கு மேல் போயிருந்தாலும் அந்த இடத்தில்தான் ஒடியும். இரண்டுமே செய்தவர் பிழை. நகம் வளைந்து இழுபட்டிருந்து, பக்கத்திலேயே நசுங்கலும் இருந்தால் கடை சொல்வதில் நியாயம் இருக்கலாம். குளோரின் கலந்த நீச்சல் குளத்தில் அடிக்கடி போட்டிருந்தாலும் அப்படித்தான். நிக்கல் கலந்த வெள்ளைத் தங்கம் குளோரினில் விரிசல் விடும்.

"டிசைன் நீங்கள் கொடுத்ததுதானே" என்பார்கள். நகம் மெலிசு என்று எழுதி எச்சரித்தார்களா என்று கேளுங்கள்.

வெண்பொன்
ஒடிந்த துண்டு தொலைந்துவிட்டது.

உரைகல்
பரவாயில்லை, மோதிரத்தில் நிற்கும் அடிக்கட்டையிலும் அதே வாய் இருக்கும். கிட்டத்தில் படமெடுங்கள். மற்ற மூன்று நகங்களின் பள்ளத்தையும் சேர்த்து எடுங்கள், அவையும் ஆழமாக இருந்தால் வாதம் முடிந்தது. அந்தக் கடையோடு தொடர்பில்லாத மதிப்பீட்டாளரிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். தங்கத்தின் மாற்று (தரம்) குறைவு என்று சந்தேகமிருந்தால் எக்ஸ்ரே கருவியை மட்டும் நம்பாதீர்கள். அது மேல்தோலைத்தான் படிக்கும், வெள்ளைத் தங்கத்தின் மேல் பளபளப்புக்காகப் போடும் ரோடியம் உலோகப் பூச்சு கணக்கைக் கெடுக்கும்.

சட்டவரி
அறிக்கை வந்ததும் கடைக்கு எழுத்தில் அனுப்புங்கள்: ஆர்டர் தேதி, ஒப்புக்கொண்ட வரைபடம், பழுது, கேட்பது என்ன, 14 நாள் கெடு. பேச்சில் முடிக்காதீர்கள். பணம் கேட்டால் செய்கூலியையும் சேர்த்தே கேளுங்கள். தங்கத்தின் விலையை மட்டும் தருகிறோம் என்பது வழக்கமான பேரம். ரிப்பேருக்குச் சம்மதித்தால், கொடுக்கும் முன் எடையையும் கல்லின் மில்லிமீட்டர் அளவையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். கல் மாறிப்போனது என்ற தகராறு அதற்கப்புறம் வராது.