மொட்டை மாடியில் வேதாளம்

(குழு: பெரிய வீடு. வெள்ளிக்கிழமை, இரவு 8:40)

செல்வி: வசந்தாக்கா, நாளை ராத்திரி மாடியில் பேய்க்கதை உண்டு என்று நிலா குதித்துக்கொண்டிருக்கிறாள். போன லீவில் கதை கேட்டுவிட்டு நாலு நாள் தனியாகப் பாத்ரூம் போகவில்லை. இந்த முறை வேண்டாமே அக்கா.

முருகன்: அது நான் சொன்ன கதை செல்வி. பாத்ரூம் கண்ணாடிக்குள் ஒரு பெண் நிற்பாள் என்று சொன்னேன். தப்பு என்மேல்தான்.

வசந்தா: கதையை நிறுத்த வேண்டாம் செல்வி. ஒன்பது, பத்து வயதில் பிள்ளைகள் பேய்க்கதையைத் தேடிப் போவார்கள். நாம் சொல்லாவிட்டால் போனில் கண்டதையும் பார்ப்பார்கள். முருகன் பேயைக் கொண்டுவந்தது தப்பில்லை, அதை வைத்த இடம்தான் தப்பு. கதை முடிந்த பிறகும் அந்தக் கண்ணாடி அங்கேயேதானே இருக்கும்? பேயைச் சுடுகாட்டில் வை, ஊருக்கு வெளியே வை. கதை முடிந்ததும் பிள்ளை அதை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடும்.

கவிதா: அப்போ நாளைக்கு என்ன கதை அண்ணி?

வசந்தா: வேதாளம்.

முருகன்: அம்புலிமாமா வேதாளமா! ஓவியர் சங்கர் வரைந்த படம் இன்னும் கண்ணில் நிற்கிறது அக்கா. கையில் வாள், தோளில் பிணம். அந்தப் பக்கம் வந்தாலே நான் விரலால் படத்தை மறைத்துக்கொண்டுதான் படிப்பேன்.

கவிதா: அத்தை, நான் கதிர். அம்மா போன். வேதாளம் பயமாகவே இருக்காது, விடுகதை மாதிரிதான் இருக்கும்.

வசந்தா: நீ பகலில் படித்திருப்பாய் கதிர். இப்போது விளக்கை அணைத்துவிட்டுப் படி. நடு இரவு. சுடுகாடு. ராஜா மரத்தில் ஏறி, தொங்குகிற பிணத்தைக் கீழே இறக்குகிறான். தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசக் கூடாது. நாலு அடி வைத்திருப்பான். காதுக்குப் பக்கத்தில், பிணம் மெதுவாகச் சிரிக்கிறது.

கவிதா: விளக்கைப் போட்டுவிட்டான் அண்ணி.

வசந்தா: அப்புறம் அந்தப் பிணம் கதை சொல்லி ஒரு கேள்வி கேட்கும். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். சொன்னால் வேதாளம் பழையபடி மரத்துக்குப் போய்விடும். இந்த இடம்தான் எனக்கு உயிர். வகுப்பில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பயந்து ஒடுங்கி உட்கார்ந்திருந்த பிள்ளை, கேள்வி வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து வாதாட ஆரம்பித்துவிடும்.

செல்வி: கடைசிக் கேள்வி ஒன்று உண்டே? ராஜாவுக்கே பதில் தெரியாதது. மறந்துவிட்டது.

வசந்தா: 11-ஆம் நூற்றாண்டில் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரம் என்ற சமஸ்கிருதக் கதைநூலில் வேதாளக் கதைகள் 25 வரும். கடைசியில் ஓர் அப்பாவும் மகனும் காட்டில் இரண்டு பெண்களின் காலடித் தடத்தைப் பார்க்கிறார்கள். பெரிய பாதத்துக்காரியை அப்பா, சின்னப் பாதத்துக்காரியை மகன் கட்டிக்கொள்வது என்று பேச்சு. போய்ப் பார்த்தால் அவர்கள் தாயும் மகளும். பெரிய பாதம் மகளுடையது! சொன்ன சொல்லை மாற்றவில்லை. அப்பா மகளைக் கட்டினான், மகன் தாயைக் கட்டினான். இரண்டு ஜோடிக்கும் பிறந்த பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை?

கவிதா: தலை சுற்றுகிறது அண்ணி.

முருகன்: அக்கா, கடைசியில் பேயே இல்லை, எல்லாம் காற்றுச் சத்தம் என்று முடித்துவிட்டால் நிலாவுக்கு நிம்மதியாக இருக்குமே?

வசந்தா: வேண்டாம் முருகா. அவ்வளவு நேரம் நம்பிக் கேட்ட பிள்ளைக்கு ஏமாந்த மாதிரி ஆகிவிடும். இந்தக் கதையின் முடிவே நல்ல முடிவு. ராஜா மௌனமாக நடக்கிறான். வேதாளம் மனம் மகிழ்ந்து, பிணத்தைக் கொண்டுவரச் சொன்ன சாமியார் உன்னைப் பலி கொடுக்கப் போகிறான் என்று எச்சரிக்கிறது. விழுந்து கும்பிடச் சொன்னால், எப்படி என்று நீ முதலில் காட்டு என்று கேள், தப்பித்துவிடுவாய் என்று வழியும் சொல்லிக்கொடுக்கிறது. தோளில் அத்தனை நேரம் கனத்த பேய்தான் அவனைக் காப்பாற்றுகிறது.

செல்வி: இது எனக்கே கேட்கவேண்டும் போல இருக்கிறது. சரி அக்கா, நிலா வரட்டும்.

வசந்தா: அவளை என் மடியில் விடு. நம் அம்மா பயமான இடம் வந்தால் குரலைத் தணிப்பாள். ஆனால் ஒரு கை எப்போதும் யாராவது ஒரு பிள்ளையின் முதுகில் இருக்கும். ஞாபகம் இருக்கிறதா?

முருகன்: அந்தக் கை பெரும்பாலும் என் முதுகில்தான் இருக்கும்.

கவிதா: அத்தை, கதிர். பேப்பரில் போட்டுப் பார்த்தேன். இரண்டும் பையன்கள் என்றால், அப்பாவின் பிள்ளை மற்றவனுக்குச் சித்தப்பா. அந்த மற்றவன் இவனுக்குத் தாய்மாமா. இரண்டுமே சரிதானே?

வசந்தா: என் தங்கமே! நாளை மாடியில் நீயே எல்லோருக்கும் சொல்.

செல்வி: ஐயோ அக்கா, வேதாளம் தொங்குவது முருங்கை மரம் அல்லவா? நம் கொல்லையில் பாத்ரூம் போகிற வழியில் நிற்பதும் முருங்கைதான்!

வசந்தா: நல்லவேளை சொன்னாய். சமஸ்கிருதத்தில் அது சிம்சுபா மரம், அசோகவனத்தில் சீதை இருந்த மரம். தமிழுக்கு வந்துதான் முருங்கை ஆனது. நாளை ராத்திரி பனையில் தொங்கட்டும். நம் ஊரில் பனை எல்லாம் ஆற்றுக்கு அந்தக் கரையில்தான்.